நெற்றியிலிருந்து வந்த மூக்கு

மூக்குத்திக்குப் பக்கத்தில் கடுகளவு கறுப்பாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. சில நாளில் அந்த இடத்தில் லேசாக ரத்தம் கசிந்து, காய்ந்து, பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்தது. மறுபடி கசிந்தது. மறுபடி பொருக்கு. வலி இல்லை, அரிப்புகூட இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்காததால் ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கு முகத்தில் ஆறாத புண் ஏதாவது இருந்தால், கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டுப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்து நான்கு வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அரசு அலுவலகம் ஒன்றில் நான் ட்ரேசர். பொறியாளர்கள் பென்சிலில் போட்ட பால வரைபடங்களின் மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளைக் கறுப்பு மசியில் நகலெடுப்பது என் வேலை. என் கணவர் சிவசைலம் பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். எங்கள் மகள் உமாவுக்கு ஏழு வயது.

தெரு டாக்டர் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லிக் களிம்பு கொடுத்தார். தங்கத்தில் செம்பு அதிகம், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஆசாரி. நானும் நம்பினேன். மூக்குத்தியைக் கழற்றி நான்கு மாதமான பிறகும் புண் ஆறாமல் ஓரங்கள் முத்துக் கோத்ததுபோலத் தடித்தபோதுதான் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே பயாப்ஸி (புண்ணிலிருந்து துளி சதையை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிரிவின் பெயர்ப்பலகையைப் படித்ததும் சிவசைலம் என் காதருகே குனிந்து, "பிளாஸ்டிக்லயா மூக்கு செய்வாங்க?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பெரிய டாக்டர் நிதானமாகப் பேசுகிறவர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

"கேன்சரா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கேன்சர்தான். ஆனா இது உடம்பெல்லாம் ஓடுற ஜாதி இல்ல. இருக்கிற இடத்திலேயே எலி மாதிரி அரிச்சுக்கிட்டே போகும். முழுசா வெட்டி எடுத்துட்டா பெரும்பாலும் திரும்பி வராது."

"எவ்வளவு வெட்டணும்?"

தன் பேனாவின் பின்பக்கத்தால் என் மூக்கின் வலது மடலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மூக்கு நுனியில் கொஞ்சமும் அந்த வட்டத்துக்குள் வந்தது. பிளாஸ்டிக் என்றால் வளைத்து வடிவம் கொடுப்பது என்று பொருள், வெளிப்பொருள் எதையும் வைக்கப்போவதில்லை, உங்கள் உடம்பிலிருந்தே எடுத்து உங்களுக்கே மூக்கு செய்வோம் என்று விளக்கினார்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. எங்கிருந்து எடுப்பார்கள் என்ற கேள்விதான். பயம் பஸ்ஸில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "மூக்கும் முழியுமா இருக்கா" என்று சொல்லித்தான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தது. சிவசைலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

முதல் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்ததோடு சரி. வெட்டிய விளிம்புகளில் நோய் மிச்சமில்லை என்று பரிசோதனையில் உறுதியான பிறகே புது மூக்கு வைப்பது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விளிம்புகள் சுத்தம் என்று மூன்று வாரத்தில் தெரிந்தது. ஆனாலும் புண் நன்றாக ஆறட்டும் என்று இன்னும் இரண்டு மாதம் காக்க வைத்தார். அந்த நாட்களில் என் முகத்தில், வலது பக்கம், பெரிய நெல்லிக்காய் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. வெள்ளைத்துணியும் பிளாஸ்திரியும் வைத்து மூடிக்கொண்டு அலுவலகம் போய்வந்தேன்.

கட்டு மாற்றும்போது கண்ணாடியில் பார்ப்பேன். பார்க்காதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. மூக்குக்குள் இவ்வளவு ஈரமான, இளஞ்சிவப்பான அறை ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மூச்சு விடும்போது கன்னத்தில் வெதுவெதுப்பாகக் காற்று படும். "நான்" என்று சொன்னால் அந்த "ன்" ஒழுகிப்போகும். காப்பியின் மணம் வந்தது. ஆனால் எங்கோ பக்கத்து வீட்டுக் காப்பி போல வந்தது. இதையெல்லாம் அலுவலகத்தில் மிஞ்சிய காகிதங்களைத் தைத்த ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். பக்கத்தில் படமும் போட்டேன்.

சிவசைலம் என்னோடு பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினார். கடையில் நாள் முழுக்க அறிமுகமில்லாத பெண்களின் முகத்தைப் பார்த்து, "இந்தக் கலர் ஒங்களுக்கு எடுக்கும்மா" என்று சொல்கிறவர். வீட்டில் என் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

புது மூக்குக்கான தோல் நெற்றியிலிருந்து வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழுவதுமாக வெட்டி எடுத்து ஒட்டினால் அவ்வளவு கனமான சதை பிழைக்காது. அதனால் புருவத்தருகே ஒரு காம்பு போல விட்டுவிட்டு, மேலே அறுத்துத் தூக்கி, அப்படியே கீழே திருப்பி மூக்கில் தைப்பார்கள். அந்தக் காம்பு வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும். இதற்கு ஃப்ளாப் (ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியபடியே இடம் மாற்றும் தோலும் சதையும்) என்று பெயர்.

கேட்ட அன்றைக்கே, வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து ட்ரேஸிங் துணியில் மூக்கின் ஓட்டையை வரைந்து வெட்டினேன். அதோடு நீளமான ஒரு வால் விட்டேன். வாலின் முனையைப் புருவத்தின் உள்முனையில் விரலால் அழுத்திக்கொண்டு துணியை மேலே சுழற்றினேன். மேல் கீழானது, இடது வலமானது, அது சரி. ஆனால் மேல்முனை நெற்றியில் நிற்காமல் அரை அங்குலம் தலைமுடிக்குள் போயிற்று. என் நெற்றி சின்னது. நான்கு முறை அளந்தேன். நான்கு முறையும் அதே அரை அங்குலம்.

மறுவாரம் துணித்துண்டை டாக்டரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். மேஜை இழுப்பறையைத் திறந்து, எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய ஒரு துண்டை எடுத்து என் துணியின் மேல் வைத்தார். ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

"போன வாரம் நீங்க வந்தப்ப நானும் இதையேதான் அளந்தேன். எனக்கும் அரை இஞ்ச் முடிக்குள்ளதான் போகுது," என்றார். "கொஞ்சம் சாய்ச்சு எடுப்பேன். அப்பவும் நாலு முடி வரும். மூக்குல முடி முளைச்சா என்ன செய்வீங்க?"

"பிடுங்கிப்பேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இது ஒன்றும் புது வித்தை இல்லை என்றார். மூக்கறுப்பது தண்டனையாக இருந்த காலத்திலேயே நம் நாட்டில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அவர்கள் புத்தகங்களில் இதற்கு இந்திய முறை என்றுதான் பெயராம். மூக்கறுபட்டான் என்று நாம் அவமானத்துக்குச் சொல்கிறோம். அறுபட்ட பிறகு புது மூக்கோடு நடந்து போனவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உமாவை மேற்கு மாம்பலத்தில் நாத்தனார் வீட்டில் விட்டோம். அம்மா திருநெல்வேலியில் அத்தை வீட்டுக்குப் போகிறாள் என்று சிவசைலம் அவளிடம் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"நெசத்தையே சொல்லிரலாமே," என்றேன்.

"சின்னப்புள்ள, பயந்துரும்," என்றார், என் காதைப் பார்த்து.

இரண்டாம் அறுவை சிகிச்சை ஐந்து மணிநேரம் நடந்தது என்று பிறகு சொன்னார்கள். காதுக்குழியிலிருந்து புளியங்கொட்டை அளவுக்குக் குருத்தெலும்பு (எலும்பைவிட மென்மையான, வளையும் பொருள்; காது மடலைத் தொட்டால் தெரியும்) எடுத்து, மூக்கு மடல் உள்ளே ஒடுங்கிவிடாமல் வளைவாக வைத்தார்கள். உள்ளே ஈரச் சவ்வு, நடுவில் குருத்தெலும்பு, வெளியே நெற்றித் தோல். மூன்று அடுக்கு. பாலத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் வருவதுபோல நோட்டில் அதையும் வரைந்தேன், கை நடுங்காமல் பேனா பிடிக்க முடிந்த பிறகு.

கண் விழித்தபோது என் இரண்டு கண்களுக்கும் நடுவே ஏதோ தொங்குவது தெரிந்தது. நெற்றியிலிருந்து இறங்கி, மூக்கின் மேல்பகுதியைத் தொடாமல் தாண்டி, நுனியில் போய்ச் சேர்ந்திருந்தது. விரல் தடிமன் இருக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதன் ஓரம் பார்வைக்குள் வந்தது.

"தும்பிக்க மாரி கீது," என்றது பக்கத்துக் கட்டில்.

அப்படித்தான் அஞ்சலை எனக்கு அறிமுகமானாள். பட்டினப்பாக்கத்துக்காரி. மயிலாப்பூர்த் தெருக்களில் கூடை வைத்து மீன் விற்பவள். ஸ்டவ் வெடித்து வலது கையின் புறங்கைத் தோல் வெந்துபோயிருந்தது. அவளுக்கு வயிற்றுத் தோலைத் தூக்கிக் கையில் தைத்திருந்தார்கள். மூன்று வாரம் கை வயிற்றோடு ஒட்டியே இருக்க வேண்டும்.

"நானு பாரு, பத்து நாளா வவுத்த புட்ச்சிக்கினே கீறேன். பாக்கறவன்லாம் வவுத்து வலியானு கேக்குறான்."

சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். அஞ்சலை பக்கத்தில் இருக்கும்வரை அந்த எச்சரிக்கையால் பயனில்லை.

மூன்றாம் நாள் காலை, கட்டு பிரித்த உதவி டாக்டர் மேரி ஒன்றும் பேசாமல் வெளியே போனார். இளம் பெண், எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே வேலை செய்கிறவர். அவர் பேசாமல் போனதுதான் என்னை உலுக்கியது. கண்ணாடி கேட்டேன். வார்டில் கண்ணாடி இல்லை, கொடுக்கவும் கூடாது என்றார் நர்ஸ்.

"அஞ்சலை, என் மூக்கு என்ன கலரா இருக்கு?"

அவள் வயிற்றுக் கையோடு புரண்டு, எட்டிப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"நாவப்பயம் மாரி கீதுமே. நுனிலதான்."

நாவல்பழம். ரத்தம் உள்ளே வருகிறது, திரும்பிப் போக வழியில்லாமல் தேங்குகிறது என்று பெரிய டாக்டர் வந்து சொன்னார். இரண்டு தையலைப் பிரித்தார். ஊசியால் நுனியில் மெல்லக் குத்தினார். எனக்கு வலி தெரியவில்லை, ஏதோ துணியால் ஒற்றி எடுப்பது மட்டும் தெரிந்தது.

"பிழைக்குமா டாக்டர்?"

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தெரியும். பொழைச்சா முழுசும் பொழைக்கும். இல்லன்னா நுனி போகும்; மறுபடி யோசிக்கணும். நெத்தியில இன்னொரு தடவ எடுக்க இடம் கம்மி."

மறைக்காமல் சொன்னதற்கு நன்றியாக இருந்தது. ஆனால் அந்தப் பகல் நகரவில்லை. வார்டின் மேல்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அஞ்சலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம்தான் எனக்குக் கண்ணாடி. கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். பதினோரு மணி வாக்கில், "அதே மாரிதான் கீது." சாப்பாட்டு நேரத்தில், "இப்போ கத்திரிக்கா." அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். மூன்றரை மணிக்குப் பார்வையாளர்களுக்கு மணி அடிக்கும்போது எழுந்து உட்கார்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏமே, சங்கரா மீனு கலரு வந்துட்ச்சி!"

கடலில் பிடித்து அப்போதே கரைக்கு வந்த சங்கரா மீனைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிர்ச் சிவப்பு. டாக்டர் மேரி வந்து விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மீண்டும் சிவக்கும் நேரத்தை எண்ணிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு... வந்துடுச்சு," என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு மட்டும் கறுத்து உதிர்ந்தது. மிச்சம் முழுவதும் பிழைத்தது.

சிவசைலம் தினமும் வந்தார். வார்டு வாசலில் நின்று ஃபிளாஸ்க்கை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே கை காட்டிவிட்டுப் போய்விடுவார். உள்ளே வரமாட்டார். அஞ்சலை அவரை வாசப்படி நைனா என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அலுப்புதான் வந்தது.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் கீழே வராந்தாவுக்கு வரச் சொல்கிறார் என்று ஆயா வந்து கூப்பிட்டார். போனால், சிவசைலத்தின் பக்கத்தில் உமா நின்றுகொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டா," என்றார் அவர், தூணைப் பார்த்து. "அம்மா பெட்டி எடுக்காம எப்படி ரயில் ஏறுவாங்கனு கேக்கா. மூணு நாளா சாப்பிடல."

நான் சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தேன். இத்தனை நாள் தைரியமாக இருந்தவள், என் குழந்தை முன்னால் மறைந்துகொண்டேன். உமா கிட்டே வந்து முந்தானையை விலக்கினாள். அழவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். காம்புக்குக் கீழே இருந்த இடைவெளியில் குனிந்து பார்த்தாள்.

"இது வழியாவாம்மா மூச்சு விடுவ?"

"இல்ல. இது வழியா ரத்தம் வரும். மூச்சு கீழ, ஓட்ட வழியாத்தான்."

"தொடவா?"

மெல்ல, என்றேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விரல் என் நெற்றியின் உச்சியில், முடி ஆரம்பிக்கிற இடத்தில் பட்டது.

"நெத்தியத் தொடாத உமா, அங்க புண்ணு இருக்கு. மூக்கத் தொடு."

"மூக்கத்தானே தொடறேன்."

கண்ணைத் திறந்தேன். அவள் விரல் என் மூக்கு மடலில்தான் இருந்தது. ஆனால் தொடுதல் நெற்றியில் இருந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் நெற்றியில்தான் தெரிந்தது. மறுபடி தொடச் சொன்னேன். மறுபடியும் நெற்றிதான் என்றேன்.

யோசித்துப் பார்த்தால் புரிந்தது. இடம் மாறியது தோல்தான். அதற்குள் ஓடிய நரம்பு பழைய காம்பு வழியாகவே போகிறது. தான் கீழே இறங்கி வந்த செய்தி அதற்கு இன்னும் எட்டவில்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

"என்னது, எங்க தொட்டா எங்க தெரியுதுங்கிற?" சிவசைலம் இரண்டடி முன்னால் வந்திருந்தார்.

"நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "கண்ண மூடு," என்றார். மூடினேன். விரல் வந்தது. "இப்ப எங்க?" நெற்றியில் இடது ஓரம், என்றேன். "இப்ப?" உச்சியில். "ஏட்டி, நான் நுனிய தொடுதேன்!" என்று கத்தினார். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் இந்த விளையாட்டு நடந்தது. எந்த இடத்தைத் தொட்டால் நெற்றியில் எங்கே தெரிகிறது என்று உமா நோட்டில் புள்ளி வைத்தாள். அவர் குனிந்து, என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், தையல் தையலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் தச்சிருக்காரு," என்றார் கடைசியில். சேலை விளிம்பைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில். பிறகு அவர் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருந்துச்சு மரகதம். பாத்தா எம் மூஞ்சி காட்டிக்குடுத்துரும்னு பயம். நீ அதப் பாத்துருவேல்லா?"

அன்றிலிருந்து அவர் வார்டுக்குள் வந்தார். அஞ்சலை அவருக்கு வைத்த பேரை மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்று வாரம் முடியும் தறுவாயில், காம்பை ரப்பர்க் குழாயால் இறுக்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தார்கள். மேலிருந்து ரத்தம் நின்றாலும் மூக்கு சிவப்பாகவே இருந்தது. அது தன் புது இடத்திலிருந்தே ரத்தம் வாங்கப் பழகியிருந்தது. காம்பை அறுத்துவிட்டார்கள். தும்பிக்கை போயிற்று.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். புது மூக்கு முதலில் மூக்குபோல இருக்காது. எனக்கு அது கொழுக்கட்டைபோல உப்பியிருந்தது. காம்பை அறுத்ததும் தொடுதல் அடியோடு போயிற்று. நெற்றியிலும் தெரியவில்லை, மூக்கிலும் தெரியவில்லை. ஜலதோஷம் பிடித்தால் மூக்கு ஒழுகுவதே தெரியாது, எதிரில் இருப்பவர் கண் போகும் திசையைப் பார்த்துத்தான் துடைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் நான் மனம் தளர்ந்து போனேன். மூக்கு இல்லாதபோது வராத அழுகை, மூக்கு வந்த பிறகு வந்தது. இது நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அறுவை சிகிச்சை செய்து, உள்ளே இருந்த கொழுப்பைச் செதுக்கி மெலிதாக்கினார்கள். வீக்கம் வற்றி வற்றி ஒரு வடிவம் தெரிய வந்தது. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது மூக்கு மடலில் சின்னக் குழி ஒன்று. எனக்குத் தெரிந்த குழி. ஆறு வயதில் சின்னம்மை விட்டுப்போன வடு, நெற்றியின் மேலே முடி ஓரத்தில் இருந்தது. முப்பது வருஷம் மேலே இருந்துவிட்டு இப்போது கீழே குடிவந்திருந்தது. முடியும் முளைத்தது, டாக்டர் சொன்ன மாதிரியே நாலு. வலது பக்கம் இனி மூக்கு குத்தக் கூடாது என்றார்கள். குத்தவில்லை.

வெயில் காலத்தில் இன்னொன்று கண்டேன். புது மூக்கு வியர்த்தது. நெற்றி எப்படி வியர்க்குமோ அப்படி. ஒரு பால வரைபடத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்து, கஞ்சித் துணியில் பூத்துப்போய், மூன்று நாள் வேலை பாழானது. மேலதிகாரி என்ன ஆயிற்று என்று கேட்டார். "நெத்தி வேர்வை சார்," என்றேன். பொய்யில்லை.

அஞ்சலையை அடுத்த வருஷம் எங்கள் தெருவிலேயே பார்த்தேன், மீன் கூடையோடு. கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் மடங்கின. ஆனால் புறங்கை மட்டும் பொதபொதவென்று இருந்தது.

"வவுத்துத் தோலு இல்ல? நா துன்னா இதுவும் துன்னுதுமே. வவுறு பெருத்தா கையும் பெருக்குது. டாக்டராண்ட கேட்டா, பட்டினி கெடனு சொல்றாரு." அப்புறம் என் மூக்கை அவள் கூடை மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நல்லாகீது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொடுதல் விளிம்பிலிருந்து உள்ளே வந்தது. முதலில் குளிர் தெரிந்தது, பிறகு சூடு. பிறகு ஒரு நாள் கொசு கடித்தது, சொறிந்தேன். அவ்வளவுதான். பரிசோதனைக்கு மாதம் ஒரு முறை என்றிருந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாகி, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை என்றானது. முன்பெல்லாம் மூன்று வாரம் என்றால் எனக்கு மலைப்பாக இருக்கும். தோலோடு பழகிய பிறகு அப்படி இல்லை. அதற்கு அவசரம் தெரியாது.

ஐந்தாம் வருஷம் போனபோது, இனி வரவேண்டாம் என்றார் பெரிய டாக்டர். கிளம்பியவளை நிறுத்தி, "வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. ஒரு நிமிஷம் அவங்ககிட்ட உங்க மூக்க காட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

நடைபாதைப் பெஞ்சில், மூக்கில் கட்டோடு ஒரு பெண்மணி. ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். நாய் கடித்து நுனி போய்விட்டதாம். மறுநாள் அவருக்கு நெற்றியிலிருந்து எடுக்கப் போகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டார். தும்பிக்கை, நாவல்பழம், கொழுக்கட்டை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன நாள்லங்க இது உங்க மூக்கு மாதிரி ஆச்சு?"

வெட்டிய தேதி எனக்குத் தெரியும். தைத்தது, பிரித்தது, செதுக்கியது, எல்லாத் தேதியும் நோட்டில் இருந்தன. முதல் குளிர் தெரிந்த நாள்கூட இருந்தது. இவர் கேட்ட தேதியைத் தேடினேன். இல்லை. ஏதோ ஒரு நாள், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோதோ, உமாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோதோ, என்னிடம் சொல்லாமலே அது நடந்து முடிந்திருந்தது.

"தெரியலியேம்மா," என்றேன். "கவனிக்காம விட்டுட்டேன்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. சிரிக்கப் போனவர், கட்டு இழுக்கவும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.